போன் பேட்டரிக்கு ஏன் ஒரு பொது அளவு வேண்டும்?

பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை என்று எந்த ஊர் வாரச்சந்தைக்குப் போனாலும், பென்டிரைவ் செருகிப் பாட்டுக் கேட்கும் சின்ன எஃப்எம் ரேடியோ விற்பனைக்கு இருக்கும். அதன் முதுகு மூடியைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் பிஎல்-5சி பேட்டரிதான். நோக்கியா 1100, 6600 போன்ற போன்களில் வந்த அதே பேட்டரி. அந்தப் போன்கள் கடையை விட்டுப் போய்ப் பல வருடமாகிறது. பேட்டரி இன்னும் கிடைக்கிறது. பழைய போனிலும் போடலாம், புது ரேடியோவிலும் போடலாம்.

மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய ஆண்ட்ராய்டு போனுடன் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனால் கதை வேறு. கடைக்காரர் முதலில் கேட்பது மாடல் நம்பர். ஒரே கம்பெனி ஒரே விலையில் விட்ட இரண்டு மாடலுக்கே பேட்டரி வேறு வேறாக இருக்கும். நீளம் இரண்டு மில்லிமீட்டர் கூடுதல், பேட்டரியைப் போர்டுடன் இணைக்கும் ஸ்ட்ரிப் வளையும் பக்கம் மாறியிருக்கும், கனெக்டரும் ஒத்துப்போகாது. கையிருப்பில் இருந்தால் சரி. இல்லாவிட்டால் சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவழைக்க வேண்டும். வருவது எந்த வருடத்துச் சரக்கு என்பதும் பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரியும்.

கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி, பொது அளவுள்ள பேட்டரி என்ற இரண்டையும் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 2016 வரைக்கும் வந்த போன்களில் பெரும்பங்குக்கு நகத்தால் திறக்கும் பின்மூடி இருந்தது. அவற்றில் ஒன்று இன்றைக்கும் உங்கள் பீரோவில் கிடந்தால், பேட்டரியை அரை நிமிடத்தில் கழற்றிவிடலாம். திரும்பப் போடுவதற்குத்தான் எதுவும் கிடைக்காது. அந்த மாடலுக்கென்றே செய்த பேட்டரியை, மாடல் நின்றபின் யாரும் செய்வதில்லை. கழற்ற முடிவது பாதி வேலை. ஐந்து வருடம் கழித்துப் பென்னாகரத்தில் ஒரு சின்னக் கடையில் அது கிடைப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிக்குத்தான் பொது அளவு தேவைப்படுகிறது.

பேட்டரி மட்டும் ஏன் முதலில் போகிறது?

திரை, விழுந்து உடைந்தால்தான் போகும். போர்டு, கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் ஏழெட்டு வருடம்கூட ஓடும். பேட்டரி அப்படியில்லை, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அதற்கு வயது ஏறும்.

அதன் உள்ளே தாமிரத் தகட்டில் கிராஃபைட் பூச்சு, அலுமினியத் தகட்டில் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு பூச்சு, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு, இவற்றை நனைத்தபடி எலக்ட்ரோலைட் என்னும் திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கோபால்ட் பக்கத்திலிருந்து கிராஃபைட்டுக்குள் போய் உட்காரும்; செலவாகும்போது திரும்பி வரும். போய்வரும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் லித்தியம் கிராஃபைட்டின் மேல் படலமாகப் படிந்து அங்கேயே தங்கிவிடுகிறது. படலம் தடிக்கத் தடிக்கக் கொள்ளளவு குறையும், உள்தடை (மின்சாரம் வெளியே வருவதற்குப் பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை) கூடும்.

முழு அளவு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சைக்கிள். பாதிப் பாதியாக இரண்டு தடவை ஏற்றினாலும் கணக்கு ஒன்றுதான். போன் பேட்டரிகள் பொதுவாக 500 முதல் 800 சைக்கிளில் முதல் நாள் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு வந்துவிடும். தினம் ஒரு சைக்கிள் என்றால் ஏறக்குறைய ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டேகால் வருடம்.

“30 சதவீதம் காட்டிச்சு, கேமரா திறந்ததும் பொசுக்குன்னு ஆஃப் ஆயிடுச்சு” என்று வருகிறவர்கள் சொல்வது உள்தடையின் வேலை. கேமராவும் ஃபிளாஷும் சேர்ந்து ஒரு நொடிக்கு 2 ஆம்பியர் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். புது பேட்டரியின் உள்தடை 0.05 ஓம் என்றால் வோல்டேஜ் 0.1 வோல்ட்தான் சரியும். பழசாகி அது 0.2 ஓம் ஆனால் சரிவு 0.4 வோல்ட். 3.6 வோல்ட்டில் இருந்தது 3.2-க்கு விழும். போர்டு தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். பேட்டரிக்குள் மின்சாரம் மீதம் இருக்கிறது, ஆனால் வேகமாக வெளியே வர முடியவில்லை. 2017 டிசம்பரில் ஆப்பிள், பழைய பேட்டரியுள்ள ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக ஒப்புக்கொண்டதும் இந்தக் காரணத்துக்காகத்தான். அந்த மாதக் கடைசியிலேயே அந்தக் கம்பெனி பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. மந்தமான போனுக்கு மருந்து புது போன் அல்ல, புது பேட்டரி என்பது அப்போது நிறையப் பேருக்கு விளங்கியது.

அடுத்த எதிரி வெப்பம். முழு சார்ஜில் ஒரு பேட்டரியை 25 டிகிரியில் ஒரு வருடம் வைத்திருந்தால் ஏறக்குறைய 20 சதவீதம் கொள்ளளவு போகும், 40 டிகிரியில் ஏறக்குறைய 35 சதவீதம் போகும் என்பது பரவலாகக் கையாளப்படும் கணக்கு. சித்திரை வெயிலில் வண்டி ஹேண்டில் ஹோல்டரில் மேப் ஓட்டிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறும் போன் 40 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் எலக்ட்ரோலைட் சிதைந்து வாயுவாகும். பேட்டரி உப்புவது அதனால்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பேட்டரி சீக்கிரம் போகிறது என்றால் அதில் அவர்கள் குற்றம் கொஞ்சம்தான்.

ஆகவே தயாரிக்கும்போதே தெரியும், போனில் ஒரு பாகம் இரண்டு மூன்று வருடத்தில் தளரும் என்று. அதைத்தான் பசை போட்டு ஒட்டி மூடுகிறார்கள்.

ஒட்டிய பேட்டரியை மாற்றுவது என்றால் என்ன?

முதலில் சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும். தவறிக் குத்துப்பட்டாலும் தீயின் வேகம் குறைவாக இருக்கும். போனை அணைத்து, சிம் டிரேயை வெளியே எடுத்த பிறகு பின் பேனலின் ஓரங்களை ஹீட் கன்னாலோ ஹீட் பிளேட்டாலோ கை பொறுக்காத சூடு வரும்வரை சில நிமிடம் காட்டுவார்கள். சூட்டை ஓரத்தோடு நிறுத்த வேண்டும், நடுவில் பேட்டரி இருக்கிறது. ஓரம் இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை (பிக்) நுழைத்துச் சுற்றிவர அறுக்க வேண்டும். சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே விட்டால் விரல்ரேகை சென்சாரின் ஸ்ட்ரிப் அறுபடும். பேனலைப் பிரித்ததும் வெடுக்கென்று தூக்கினாலும் அதே விபத்துதான்.

அடுத்து ஸ்குரூக்கள். எந்த ஓட்டையிலிருந்து எது வந்தது என்று காந்தத் தகட்டிலோ தாளிலோ அதே வரிசையில் வைக்காமல் விட்டால், மூடும்போது நீள ஸ்குரூ குட்டை ஓட்டைக்குள் போய் போர்டின் உள் அடுக்கைத் துளைக்கும். பேட்டரி மாற்றப் போய் போர்டு போன கதைகளில் பாதி இதுதான். மேல் தகட்டை எடுத்தவுடன் வேறெதையும் தொடுவதற்கு முன்பே பேட்டரி கனெக்டரை பிளாஸ்டிக் குச்சியால் நெம்பிப் பிரித்துவிட வேண்டும்.

பேட்டரியின் அடியில் இழுக்கும் ஒட்டுப்பட்டை இருந்தால் அதைத் தரையோடு தரையாகத் தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுக்கலாம். அறுந்துவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சில சொட்டு ஓரத்தில் விட்டு இரண்டு நிமிடம் பொறுத்து, பிளாஸ்டிக் கார்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் தடுப்பு கிழிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகும், மேசையிலேயே புகையும். புதிதை ஒட்டுவதற்கு முன் கனெக்டரை மட்டும் மாட்டி, போன் எழுகிறதா, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. கடைசியில் பின் பேனலுக்குப் புது ஒட்டு போட்டு கிளிப் பிடித்து விட வேண்டும். பழைய பசையிலேயே அழுத்தி மூடிக் கொடுத்தால் தண்ணீர்த் தடுப்பு அன்றோடு போயிற்று.

அனுபவமுள்ள கைக்கே அரைமணி முதல் ஒரு மணி நேர வேலை. கூலியும் உண்டு, பேனல் உடையும் ஆபத்தும் உண்டு. பசை இல்லாத போனில் இதே வேலை: மூடியைத் திற, எடு, போடு, மூடு.

பொது அளவு என்றால் எதையெல்லாம் பொதுவாக்க வேண்டும்?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. போச்சம்பள்ளியில் ஓலா செய்யும் ஸ்கூட்டர் செல்லின் பெயர் 4680. அந்தப் பெயரே அளவுதான்: 46 மில்லிமீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் உயரம். ஓசூரில் தயாராகும் ஏத்தர் ஸ்கூட்டருக்குள் இருப்பது 21700 செல்: 21 மில்லிமீட்டர் விட்டம், 70 உயரம். டார்ச்சிலும் பவர் பேங்கிலும் காணும் 18650-க்கும் இதே கணக்கு. எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தாலும் 18650 என்றால் 18650. போன் செல்லுக்கு மட்டும் இப்படியொரு பெயர் கிடையாது.

(ஸ்கூட்டரிலும் செல்லோடு பொதுமை நின்றுவிடுகிறது. செல்களை அடுக்கிய பேட்டரி பெட்டி ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. 2022 ஏப்ரலில் நிதி ஆயோக், தீர்ந்த வண்டி பேட்டரியைக் கொடுத்துச் சார்ஜ் ஏறியதை மாற்றிக்கொள்ளும் (ஸ்வாப்பிங்) கொள்கைக்கு வரைவு வெளியிட்டபோது சர்ச்சையானதும் இதுவே.)

போனுக்கு வருவோம். எல்லாப் போனுக்கும் ஒரே பேட்டரி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நாலைந்து அளவு போதும். இன்று விற்கும் நடுத்தர விலை போன்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் நீளம், ஏழரை சென்டிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் தடிமன், 5000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-அவர்) அல்லது அதற்கு மேல் கொள்ளளவு. வெளியே இவ்வளவு ஒத்துப்போகிறவை உள்ளே மட்டும் ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்விக்குப் பொறியியல் சொல்லும் பதில் அவ்வளவு வலுவாக இல்லை.

அளவுக்கு அடுத்தது முனைகள். பாசிட்டிவ், நெகட்டிவ், சூடு பார்க்கும் தெர்மிஸ்டர், தகவல் என்று நாலு. தெர்மிஸ்டர் 25 டிகிரியில் 10 கிலோஓம் என்பது ஏற்கெனவே நிறைய இடத்தில் வழக்கம். அதை எழுதி வைத்துவிட்டால் போதும்.

மூன்றாவது, மிக ஆபத்தானது, சார்ஜ் வோல்டேஜ். பழைய பேட்டரிகளுக்கு உச்ச வரம்பு 4.2 வோல்ட். பிறகு 4.35, 4.4 என்று ஏறி இப்போது 4.45-ஐயும் தாண்டியிருக்கிறது. 4.45 வரை ஏற்றும் போனில் 4.2 வோல்ட் பேட்டரியைப் போட்டால் அது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். கிராஃபைட்டின் மேல் லித்தியம் உலோகமாகவே படியும், சூடாகும், தீப்பிடிக்கலாம். 4.45 பேட்டரியை 4.2 வரை மட்டும் ஏற்றினால் ஆபத்தில்லை, கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போல வீணாகும். அதனால் பொது பேட்டரி தன் வரம்பைத் தானே போனுக்குச் சொல்ல வேண்டும், போனும் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். தப்பான வகை உள்ளேயே போகாதபடி உறையில் ஒரு வெட்டும் வைக்கலாம்.

நாலாவது மென்பொருள். சில போன்களில் வெளிப் பேட்டரி போட்டால் “அசல் பாகமா என்று உறுதிசெய்ய முடியவில்லை” என்று எச்சரிக்கை வரும், பேட்டரி ஆரோக்கிய சதவீதம் மறைந்துபோகும். பேட்டரிக்குள் சிப் இருப்பது தப்பில்லை, அது தேவையும்கூட. அந்தச் சிப் பேசும் மொழி ஒரு கம்பெனியின் பூட்டாக இருக்கக் கூடாது.

இதெல்லாம் நடக்காத காரியம் என்பவர்கள் சிம் கார்டைப் பார்க்கலாம். பெரியது, மைக்ரோ, நானோ என்று அது சுருங்கிக்கொண்டே வந்தது. ஆனால் பொன்னிற முனைகளின் அமைப்பு மாறவில்லை. அதனால்தான் கடையில் ஸ்டேப்ளர் போன்ற கட்டரால் பழைய சிம்மை வெட்டிப் புது போனில் போட முடிந்தது. எந்தக் கம்பெனி சிம்மும் எந்தப் போனிலும் போகும். சார்ஜர் ஓட்டையிலும் இதுதான் நடந்தது: 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புது போன்களுக்கு யுஎஸ்பி-சி கட்டாயம். புதுமை செத்துப்போகும் என்றார்கள்; போன்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எதிர்வாதங்களில் உண்மை எவ்வளவு?

தண்ணீர் புகும் என்பது அதிகம் சொல்லப்படுவது, அதிகம் வலுவில்லாததும்கூட. 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-க்குக் கழற்றும் பின்மூடியும் இருந்தது, ஐபி67 என்ற நீர்த்தடுப்புத் தகுதியும் இருந்தது. மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். அதே கம்பெனியின் எக்ஸ்கவர்6 புரோவில் கழற்றும் 4050 எம்ஏஎச் பேட்டரியும் ஐபி68-உம் சேர்ந்தே வருகின்றன.

கொள்ளளவு குறையும் என்பது உண்மை. ஒட்டும் பேட்டரி மெல்லிய படலப் பையில் இருப்பது. பையில் சாவியோடு போட்டுக்கொண்டு போக அது தாங்காது, கெட்டி உறை வேண்டும். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இடத்தில் இருபுறமும் 0.3 மில்லிமீட்டர் உறை வைத்தால் 12 சதவீதம் போய்விடும்: 5000 இருந்த இடத்தில் 4400. இழப்புதான். ஆனால் ஒட்டிய 5000 இரண்டு வருடத்தில் 4000-க்கு வந்து அங்கேயே நிற்காமல் கீழே போகும், 4400-ஐப் புதிதாக்கிக்கொண்டே இருக்கலாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை வராமல் ராகிக் காட்டுக்கு இரவெல்லாம் காவல் இருக்கிறவருக்குச் சட்டைப் பையில் இன்னொரு பேட்டரி இருப்பதன் அருமை தெரியும்.

இதைவிடச் சிக்கலானது வேகச் சார்ஜ். 80 வாட், 100 வாட் என்று ஏற்றும் பல போன்களில் இரண்டு செல்களைத் தொடராக இணைத்திருப்பார்கள், வோல்டேஜ் இரட்டிப்பாகும். ஒற்றைச் செல் போனுக்கு அது பொருந்தாது. கிராஃபைட் பக்கத்தில் சிலிக்கானும் கலந்த சிலிக்கான்-கார்பன் பேட்டரிகள் இப்போது வருகின்றன, அவற்றின் வோல்டேஜ் இறங்கும் விதம் வேறு. எனவே பொது அளவுக்குப் பதிப்பு எண் வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை திருத்தவும் வேண்டும். ஒருமுறை எழுதி நிரந்தரமாக மூடிவைக்கும் அளவுகோல் இந்தத் துறையில் பிழைக்காது.

போலிச் சரக்கு பெருகும் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. பொது அளவு வந்தால் நல்லவனும் செய்வான், கெட்டவனும் செய்வான். பிஎல்-5சி-க்கே 2007 ஆகஸ்டில் ஒரு பெரிய எச்சரிக்கை வந்தது: ஒரு தயாரிப்பாளர் செய்து கொடுத்த 4.6 கோடி பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியா அறிவித்தது. மக்கள் பேட்டரியைக் கழற்றி, முதுகில் இருந்த எண்ணைப் பார்த்து, குறையுள்ளதை மட்டும் மாற்றிக்கொள்ள முடிந்தது. போன் கையிலேயே இருந்தது. 2016-இல் சாம்சங் நோட் 7-இல் பேட்டரிக் கோளாறு வந்தபோது மூடிய போன் என்பதால் போனையே திரும்பப் பெற்றார்கள். வேறு தயாரிப்பாளரின் பேட்டரியுடன் மாற்றிக் கொடுத்த போன்களிலும் தீப்பிடித்து, கடைசியில் அந்த மாடலையே கைவிட நேர்ந்தது. பேட்டரி கெட்டால் பேட்டரியோடு போவதா, போனோடு போவதா என்பதை இந்த இரண்டு நிகழ்வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் வருடத்துப் பேட்டரி ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே சாதாரணக் கருவிகளால் மாற்ற முடிய வேண்டும். மாடல் விற்பனை நின்றபின் குறைந்தது 5 வருடம் பேட்டரி கிடைக்க வேண்டும், மென்பொருளை வைத்துத் தடுக்கக் கூடாது. போன்களுக்கென்று 2025 ஜூன் 20 முதல் நடப்பில் உள்ள இன்னொரு விதி 800 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதம் கொள்ளளவு கேட்கிறது. 1000 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்கி, தண்ணீரும் புகாத போன்களுக்கு, வாங்கியவரே பேட்டரியை மாற்ற முடிய வேண்டும் என்பதிலிருந்து அதில் விலக்கு உண்டு. கவனிக்க வேண்டியது, இவை எதிலும் பொது அளவு இல்லை. கழற்ற முடியும், சில வருடம் கிடைக்கும். அதற்குப் பிறகு பழைய கதை.

இந்தியாவில் கழற்றும் பேட்டரிக்கே கட்டாயம் இல்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கியது. மொபைலும் அதில் ஒரு பிரிவு. பாதுகாப்புத் தரம் மட்டும் கட்டாயமாக இருக்கிறது: லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 பதிவு (ஐஎஸ் என்பது இந்தியத் தரக் குறியீடு). அளவுக்கும் ஒரு ஐஎஸ் எண் வைப்பதற்கான வழி ஏற்கெனவே போட்டாயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

அதுவரை கடையில் எதைப் பார்ப்பது?

லேபிளில் ஐஎஸ் 16046 முத்திரையும் அதன் கீழே ஆர் (R) என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்தது என்று காட்டும். காட்டாவிட்டால் வாங்காதீர்கள். சார்ஜ் வரம்பு வோல்டேஜ் பழைய பேட்டரியில் இருந்த அதே எண்ணாக இருக்கிறதா பாருங்கள். அதே அளவுப் பேட்டரியில் 5000-க்குப் பதில் 8000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது லேபிளில் மட்டும்தான் இருக்கும்: 5000 எம்ஏஎச்சை 3.87 வோல்ட்டால் பெருக்கினால் 19 வாட்-அவர் சொச்சம், 8000 என்றால் 31. அதே வகைப் பேட்டரியில் அதே இடத்துக்குள் அவ்வளவு அடைக்க முடியாது. தயாரிப்புத் தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால், பெட்டிக்குள்ளேயே அது பாதிக் கிழம்.

கழற்றிய பழைய பேட்டரி உப்பியிருந்தால் அழுத்திச் சமமாக்கப் பார்க்காதீர்கள், “ஒரே ஒரு தடவை” என்று சார்ஜும் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். 2022-ஆம் வருடத்துப் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடமோ கொடுக்கலாம். பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டால், அங்கே தாமிரத்துக்காகச் சுத்தியலால் தட்டுவார்கள்.